கிவும்பியின் காருக்கு வந்த மாமியார் நடுக்கம்

நட்டேட்டே டாக்ஸி ஸ்டாண்டுக்கு நான்தான் தலைவர். என்னுடையது போகப் பதினேழு கார் நிற்கிறது. பதினாறு டிரைவரை ஒரே அதட்டலில் அடக்கிவிடுவேன். மிச்சம் இருக்கும் ஒருவன் கிவும்பி, என்னோடு ஒரே வயிற்றில் ஒன்றாகப் பிறந்த நாகாத்தோவின் புருஷன். தங்கை புருஷனை என்ன செய்ய முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். நானும் பன்னிரண்டு வருஷமாகக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன் என்பார்களே, அவனெல்லாம் இவனுக்கு முன்னால் வள்ளல். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குக் கறி மீன் வாங்குவதில் குறை வைத்ததில்லை. பெட்ரோல் என்று வந்தால்தான் அவன் உடம்பில் ஏதோ புகுந்துகொள்ளும். ஒரு தடவைக்கு மூன்று லிட்டருக்கு மேல் போட மாட்டான், நிறையப் போட்டால் கார் கனத்துவிடுமாம். அந்த மூன்று லிட்டரைப் போடும்போதும் இறங்கி நின்று காரின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டுவான். உள்ளே இருக்கும் காற்று வெளியே போய் எண்ணெய்க்கு இடம் கிடைக்கும் என்று எங்கள் ஊர் டிரைவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் நாற்பது லிட்டர் பிடிக்கிற டாங்கில் மூன்று லிட்டருக்கு இடம் இல்லாமலா போய்விடும்? கேட்டேன். "பழக்கத்தை விடக்கூடாது மச்சான்" என்றான்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலால்தான் ஓட்டுவான். பெடலின் மனசு வெறுங்காலுக்குத்தான் தெரியுமாம். ஏசி போடச் சொன்ன பயணியிடம் ஜன்னலைக் காட்டுவான். எங்கள் கம்பாலா முழுக்க மேடும் பள்ளமும்தானே, இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு ஸ்டியரிங்கின் மேல் இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொள்வான். "இப்ப ஆண்டவன் ஓட்டுறார். ஒரு சொட்டு செலவில்லை" என்பான். ருபாகா மலையிலிருந்து அவன் காரில் இறங்கியவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனார்கள். கீழே வந்து ஏற்றம் தொடங்கியதும் மிதிப்பான் பாருங்கள் ஒரு மிதி, நம் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். கார் கிளம்புகிற நேரத்தில்தான் அதிகம் குடிக்கும், அதைச் சட்டென்று தாண்டிவிட வேண்டும் என்பது அவன் கணக்கு. சொட்டு சொட்டு என்று எப்போதும் பேசியதால் ஸ்டாண்டில் அவனுக்குச் சொட்டு என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயரில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

போன மழைக்குப் பிறகு அந்தக் கார் குடிகாரனாகிவிட்டது. மூன்று லிட்டரில் ஊரைச் சுற்றி வந்த வண்டி பாதி வழியில் நின்றது. ஸ்டியரிங்குக்கு முன்னால் எஞ்சின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. வேறொருவனாக இருந்தால் ஏன் எரிகிறது என்று யாரையாவது கேட்டிருப்பான். இவன் பபிள்கம் வாங்கி, அதோடு வந்த சிரிக்கிற குரங்கு ஸ்டிக்கரை அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டு, மெல்லவும் ஆரம்பித்துவிட்டான்.

இந்த நேரத்தில்தான் என் அம்மாவுக்குக் கண் மங்கியது. மிட்யானா சாலையில் ஒரு மணி நேரம் போனால் அம்மாவின் ஊர். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் அங்கே எல்லோரும் மரியாதையாக நாலோங்கோ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தவர்கள் நானும் நாகாத்தோவும்தான் என்ற நன்றியை அம்மா ஒருநாளும் காட்டியதில்லை. இரண்டு கண்ணிலும் புரை. கம்பாலாவில் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும். என் கார் எஞ்சின் பிரிக்கப்பட்டு நான்கு வாரமாகப் பட்டறையில் கிடந்தது. காசு கொடுக்காமல் கிடைக்கக்கூடியது கிவும்பியின் கார்தான்.

மாமியாரும் மருமகனும் ஒரே காரில் உட்காரக் கூடாது. கை படக் கூடாது, ஒருவர் துணியை மற்றவர் தொடவும் கூடாது. தொட்டால் கை கால் நடுங்கும். இது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதனால் நான் ஓட்டுவது, கிவும்பி வீட்டிலேயே இருப்பது என்று முடிவானது. அவன் இல்லாவிட்டாலும் அது அவன் கார் ஆயிற்றே என்று நாகாத்தோ இழுத்தாள். அம்மா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அவன் இல்லாட்டி அது வெறும் தகரம்டி. தகரத்துக்கு ஏது மாமியார்?"

கோமேசி அங்கி உடுத்தி, அதன் மேல் பச்சைப் பட்டுத்துணியை இடுப்பில் அகலமாகக் கட்டி, மணப்பெண் மாதிரி வந்து ஏறினாள். மடியில் ஒரு கூடை. தன் கோழிகள் இட்ட முப்பது முட்டை, மகள் வீட்டுக்கு. பத்து நிமிஷம் போனதும் மூக்கைச் சுளித்தாள். எனக்கும் அடித்தது. அழுகின முட்டை நாற்றம். நான் வாயைத் திறக்கவில்லை, அவளுடைய கோழியைப் பற்றி யார் பேசுவது? கொஞ்ச தூரத்தில் அவளே சொன்னாள்.

"வாஸ்வா, நிறுத்துடா."

இறங்கிப் போய், கூடையோடு அத்தனை முட்டையையும் சதுப்பில் கொட்டிவிட்டு வந்தாள். திரும்ப ஏறியபோது வியர்த்து வழிந்தது. பட்டுத்துணியை அவிழ்த்துப் பக்கத்தில் போட்டாள். "மருமகன் வீட்டுக்கு அழுகின முட்டை கொண்டுபோறவள்னு பேர் வாங்கவா இத்தனை வருஷம் கோழி வளர்த்தேன்?" என்றாள். டாக்டர் பார்த்துவிட்டு, மூன்று வாரத்தில் வலது கண்ணுக்கு ஆபரேஷன், தள்ளிப்போட்டால் பார்வை திரும்புவது கஷ்டம் என்றார். சாயங்காலம் அம்மாவை ஊரில் விட்டேன். பட்டுத்துணி காரிலேயே கிடந்ததை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

இனி எனக்கு அப்போது தெரியாத ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மறுநாள் கிவும்பி அந்தத் துணியைப் பார்த்து, எவளோ பயணி விட்டுப் போனது என்று நினைத்தான். நல்ல துணி, ஓசியில் வந்தது, விடுவானா? மூன்று நாள் அதால் முகம் துடைத்தான், ஸ்டியரிங் துடைத்தான், கழுத்தில் போட்டுக்கொண்டு தூங்கினான்.

நான்காம் நாள் ஒரு மெக்கானிக்கிடம் போனான். பெயர் வேண்டாம், இப்படிப்பட்டவர்கள் எங்கள் ஊரில் நூறு பேர். காருக்கு அடியில் புகைக்குழாயின் நடுவே ஒரு பெட்டி இருக்கும், புகையில் இருக்கும் விஷத்தை எரித்துச் சுத்தம் செய்கிற பெட்டி. "இதுதான் உன் எஞ்சின் கழுத்தை நெரிக்குது. அறுத்துப் போட்டா கார் நல்லா மூச்சு விடும், எண்ணெய் பாதியாயிடும்" என்றான் மெக்கானிக். பாதி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் மச்சானுக்கு நின்ற இடமே தெரிந்திருக்காது. பெட்டியை அறுத்து மெக்கானிக் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். அதற்குள் இருக்கும் பொடிக்கு நல்ல விலை என்பது இவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் வெறும் குழாயை வைத்துப் பற்றவைத்தான். அப்போது அறுந்த ஒயர் ஒன்றை ரப்பரால் கட்டித் தொங்கவிட்டான். இதை எல்லாம் கிவும்பி வீட்டில் மூச்சு விடவில்லை. ஏனென்றால் கண்ட மெக்கானிக் கையில் காரைக் கொடுக்காதே என்று நாகாத்தோ அவனிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

பெட்டி போன கார் லாரி மாதிரி உறுமியது. கறுப்பாகப் புகை கக்கியது. ஸ்டாண்டில் சும்மா நிற்கும்போதே மலேரியா கண்ட ஆள் போல உதறியது. கண்ணாடி ஆடும், கதவு ஆடும், ஸ்டியரிங் ஆடும், அதைப் பிடித்திருந்த கிவும்பியின் கையும் முழங்கை வரை ஆடும். குடித்ததோ முன்பைவிட ஒன்றரை மடங்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க எடுத்த நாகாத்தோ பச்சைப் பட்டுத்துணியைக் கையில் தூக்கிப் பிடித்தாள்.

"இது எங்க அம்மாவோடது."

கிவும்பி மென்றுகொண்டிருந்த வாழைக்காய் மட்டோக்கே தொண்டையில் நின்றது.

"இதை என்ன பண்ணினீங்க?"

"முகம் துடைச்சேன்" என்றான்.

அவ்வளவுதான். கார் நடுங்குகிறது, கை நடுங்குகிறது, காரணம் கையிலேயே இருக்கிறது. மாமியார் நடுக்கம் காரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது என்று தெருவே பேசியது. "கை நடுங்கலடி, ஸ்டியரிங்தான் நடுங்குது" என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ரெண்டு நாள் மறுத்துப் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? நடுக்கம் மாமியாரால்தான் என்று ஊர் நம்புகிற வரை காருக்கு அடியில் எவனும் குனிந்து பார்க்க மாட்டான்.

நாகாத்தோ அழுதுகொண்டே போனில் அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா கேட்டுவிட்டு, "இனி நான் அந்தப் பக்கமே வரலை" என்றாள்.

"ஆபரேஷன்மா" என்றேன் நான், போனைப் பிடுங்கி.

"கண்ணு போனா போகட்டும். ஒரு தடவை வந்ததுக்கே என் பொண்ணு வீட்டுச் சோத்துல மண்ணு விழுந்திருச்சு. இன்னொரு தடவை வந்தா என்ன ஆகுமோ."

"பஸ்ல கூட்டிட்டுப் போறேன்."

"எதுல போனாலும் அவன் ஊர்தானேடா அது."

நேரில் போனேன். எனக்கு டீ ஊற்றித் தந்தாள், கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினாள். சூடான டீ மேஜையில் ஓடி அவள் காலில் சொட்டியது. காலை நகர்த்திக்கொண்டு, "நிறைஞ்சிருச்சா?" என்று கேட்டாள். நிறைந்துவிட்டது என்று சொல்லி வெறும் கோப்பையைத் தூக்கிக் குடித்தேன். வெளியே வந்து மாட்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். ஆபரேஷனுக்கு ஆறு நாள் இருந்தது.

ஸ்டாண்டுக்குத் திரும்பியபோது யாரையாவது உதைக்க வேண்டும் போல இருந்தது. கிவும்பி அங்கே இல்லை, அவன் கார் இருந்தது. ஓங்கி டயரை உதைத்தேன். என் கால் செருப்பு கழன்று காருக்கு அடியில் போய்விட்டது. எடுக்கப் படுத்தவன் அப்படியே கிடந்தேன். கறுத்துப் போன பழைய குழாயின் நடுவில், பளபளவென்று ஒரு புதுக் குழாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான் என் மச்சான்.

அவன் முட்டை சப்பாத்தி தின்றுகொண்டு வந்தான். நான் தரையில் கிடந்தபடியே கேட்டேன்.

"மச்சான், பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி?"

"உங்க அப்பன் வீட்டு டிரங்குப் பெட்டி. குழாய்ல இருந்த பெட்டி எங்கடா?"

சப்பாத்தியை மடித்துப் பாக்கெட்டில் வைத்தான். தப்புச் செய்தவன் முதலில் சோற்றைத்தான் பத்திரப்படுத்துவான்.

"எண்ணெய் பாதியாகும்னு சொன்னான் மச்சான்."

"ஆச்சா?"

"இல்ல."

"அங்க எங்க அம்மா கோப்பைக்கு வெளிய டீ ஊத்துறா. தன்னாலதான் உனக்கு இந்தக் கதின்னு நினைச்சுக்கிட்டு ஆபரேஷன் வேணாங்கிறா. நீ இங்க பாக்கெட்டுல சப்பாத்தியை ஒளிச்சுக்கிட்டு நிக்கிற."

அவன் முகம் வெளுத்தது. ஆபரேஷனையே அம்மா வேண்டாம் என்றது அவனுக்குத் தெரியாது. அவன் மனசு நோகும் என்று நாகாத்தோ மறைத்திருக்கிறாள். "சொல்லிடலாம் மச்சான். ஆனா ஸ்டாண்ட் முழுக்க என்னைச் சொட்டுன்னு கூப்பிடுது. சொட்டே ஏமாந்துட்டான்னு தெரிஞ்சா சிரிப்பாங்களே" என்றான்.

"சிரிக்கத்தான் போறாங்க. நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்" என்றேன்.

அன்றைக்கே அவனையும் காரையும் இழுத்துக்கொண்டு ன்டீபாவில் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் ஒரு பெண்ணிடம் போனேன். சின்னப் பெண், வாய் மட்டும் பெரிசு. குரங்கு ஸ்டிக்கரை நகத்தால் உரித்தாள், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் ஒயரைக் காரில் செருகினாள், திரையைப் பார்த்தாள், காருக்கு அடியில் போய் வந்தாள்.

"பெட்டி மேல குத்தமே இல்ல அண்ணே. அதுக்கு முன்னாடி புகையை மோந்து பார்க்கிற சென்சார் ஒண்ணு இருக்கு, எஞ்சினுக்கு மூக்கு மாதிரி. அது எப்பவோ செத்துப்போச்சு. மூக்கும் நாக்கும் செத்தவள் குழம்புல உப்பு அள்ளிக் கொட்டுவாள்ல? அப்படிப் பெட்ரோலைக் கொட்டிக்கிட்டிருக்கு. செத்த மூக்கோட ஒயரையும் உங்க ஆள் அறுத்துட்டான், இப்ப சுத்தமா கண்மூடித்தனம். பிளக் எல்லாம் கரி, அதான் நடுக்கம். முன்னாடி அழுகின முட்டை நாத்தம் அடிச்சுதா?"

நானும் கிவும்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"பெட்ரோல் கூடுதலாப் போனா அந்தப் பெட்டி அப்படித்தான் நாறும். பாவம், அதுதான் உங்ககிட்ட கத்திச் சொல்லியிருக்கு. அதையே அறுத்துட்டீங்க."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். சென்சார் புதுசும், நொறுங்கிய கார் ஒன்றிலிருந்து நல்ல பெட்டியும் போடச் சொன்னேன். கிவும்பி இருந்த கொஞ்ச மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தான். "நான் ஓட்டுற முறைக்குத்தான் தங்கச்சி இந்த அளவாவது ஓடுச்சு. இறக்கம்னா நியூட்ரல்தான், ஒரு சொட்டு இறங்காது."

"கியர்லயே வச்சுக்கிட்டு காலை மட்டும் எடுத்தீங்கன்னா எஞ்சினே பெட்ரோலை மூடிக்கும். சக்கரம்தானே சுத்துது, அது போதும். நியூட்ரல்ல விட்டா, சாகாம இருக்க அது குடிச்சுத்தான் ஆகணும்."

"இறக்கத்துலயா?"

"இறக்கம் முழுக்க. அப்புறம் ஏத்தத்துல ஓங்கி மிதிக்கிறீங்களாமே, அதுல போறதைக் கேட்டா அழுவீங்க."

அவன் அங்கே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டான். "பதினோரு வருஷம் மச்சான்" என்றான். சொந்தக்காரன் செத்த வீட்டில் கூட அவனை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் நாகாத்தோவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் அம்மா ஊருக்குப் போனோம். அம்மா உள்ளே ஜன்னலுக்குப் பக்கத்தில், நாகாத்தோ வாசலில் மண்டியிட்டு, கிவும்பி முற்றத்துப் பலாமரத்துக்குப் பின்னால். மரத்துக்கு வெளியே அவன் தொப்பை மட்டும் தெரிந்தது. எங்கள் ஊரில் என்ன அவசரமானாலும் முதலில் குசலம் விசாரித்தாக வேண்டும். ராத்திரி எப்படிப் போச்சு, வீட்டில் எப்படி, வயலில் எப்படி, ம், ம், ம் என்று ஜன்னலும் மரமும் ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டன. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கத்தார் வந்து நின்றுவிட்டார்கள். கடைசியில் மரம் தொண்டையைக் கனைத்தது.

"அத்தை, நடுக்கம் உங்களால வரலை. எண்ணெய் மிச்சம் பிடிக்கிறேன்னு குழாய்ல இருந்த பெட்டியை நானே அறுத்துப் போட்டேன். அதை மறைச்சேன். பழி உங்க மேல விழுந்தப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

வேலிப் பக்கம் யாரோ சிரித்தார்கள். நாகாத்தோ தலையைத் தூக்கவில்லை. சத்தியம் வாங்கியவள் அல்லவா, அவள் கணக்கு வேறு, அது வீட்டுக்குப் போன பிறகு. மரம் மறுபடியும் பேசியது.

"இன்னொண்ணு. அன்னிக்கு நாறினது என் கார்தான் அத்தை. கம்ப்யூட்டர்லயே சொல்லிட்டாங்க."



"அப்போ என் முட்டை நல்ல முட்டையா?" என்றாள் அம்மா.

"நல்ல முட்டை அத்தை."

"முப்பதுமா?"

"முப்பதும்."

"பாவி. அந்தப் புள்ளிக்கோழியை அறுத்துட்டேனேடா. அழுகின முட்டை இடுறியாடின்னு திட்டி அறுத்துட்டேனே" என்று சொல்லி, முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தோள் குலுங்குவதைப் பார்த்து நான் கிட்டே போனேன். அழுகை இல்லை, சிரிப்பு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வண்டி வரும்?" என்று என்னைக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை நான் ஓட்டினேன். அம்மா முன்னால், மடியில் புதுக் கூடை, வேறு முப்பது முட்டை. கார் பூனை மாதிரி சத்தமில்லாமல் போனது, எந்த நாற்றமும் இல்லை. நாற்றம் பின்னால் வந்தது. வாடகை மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து எங்கள் புழுதி முழுவதையும் தின்றுகொண்டு கிவும்பி கம்பாலா வரை வந்தான். ஒவ்வொரு இறக்கத்திலும் ஜன்னல் பக்கம் வந்து கத்தினான்.

"கியர்லயே விடு மச்சான். காலை மட்டும் எடு."

ஏற்றம் வந்தால், "மெதுவா மிதி, முட்டை மேல மிதிக்கிற மாதிரி மிதி."

"யாருடா அது?" என்றாள் அம்மா.

"உன் மருமகன்."

"அவன் ஏறின வண்டிக்கு எண்ணெய் யார் போடுறா?"

"அவன்தான்."

அம்மா கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வந்தபோது பார்த்தேன், பெட்ரோல் முள் நகர்ந்ததே தெரியவில்லை. அவனிடம் சொல்லவில்லை, சந்தோஷத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வைப்பான்.

மறுநாள் காலையில் கண் கட்டை அவிழ்த்தார்கள். நாகாத்தோவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து வெளியே கூட்டி வந்தோம். அம்மா என்னைப் பார்த்து, "கிழவனாயிட்டடா" என்றாள். நாகாத்தோவின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கே விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் கிவும்பி நின்றான். துவைத்துத் தேய்த்த பச்சைப் பட்டுத்துணியை ஒரு நீளக் குச்சியின் நுனியில் தொங்கவிட்டுப் பிடித்திருந்தான், கை படக் கூடாதல்லவா. பயத்திலோ எதனாலோ குச்சி ஆடிக்கொண்டிருந்தது. சட்டையில் நேற்றைய புழுதி அப்படியே இருந்தது. ராத்திரி முழுக்க அங்கேயே இருந்திருக்கிறான்.

அம்மா அந்த ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தாள். மகளைக் கட்டிக் கொடுத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அவனை அவள் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நாகாத்தோ" என்றாள், "இவன் சாப்பிட்டானா?"

"நேத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடலைம்மா."

"தனக்கும் சொட்டுச் சொட்டாத்தான் ஊத்திக்குவான் போல" என்று சொல்லி, முட்டைக் கூடையை என் கையில் கொடுத்தாள். "கொண்டுபோய்க் குடு. ஒண்ணு விடாம அவனே திங்கணும்னு சொல்லு."